அயடீன் சேர்க்கக் கூடாது, அயடீன் குடிக்க வேண்டும்

இரசாயனவியல் ரியூசன் என்பது, தனக்கே அரைகுறையாக விளங்கியதை மற்றவர்களுக்கு முழுதாக விளங்கவைக்கிறேன் என்று சொல்லிப் பிழைக்கிற தொழில். சோக்கட்டியோ மார்க்கரோ பிடித்துக் கை கறுத்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. "விளங்கிச்சா?" என்று கேட்டால் வகுப்பில் எல்லாத் தலையும் ஆடும். ஆடிய தலைகளில் ஏதாவது ஒன்று வாயைத் திறந்து கேள்வி கேட்டுவிடுமோ என்று எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தை அறியாத பாக்கியசாலிகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் கிட்ட வாருங்கள், ஆளுக்காள் ஆறுதல் சொல்லிக்கொள்வோம்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. முன் ஹோலில்தான் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். ரயில் போகும்போது நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு நிலையத்திலும் படிப்பிக்கிறேன். சமன்பாடு ஈடுசெய்வதும், ஐசோடோப் என்கிற சமதானிக் கணக்கும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்றுதான் நினைத்திருந்தேன். சிவபாதம் அங்கிள் வந்து கடைசி வாங்கில் உட்காரும்வரைக்கும் அந்த நினைப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசி வாங்கில் ஒரு தகப்பன்

தகப்பன் என்றுதான் நினைத்தேன். பெற்றோரில் ஒரு வகை உண்டு, பிள்ளையோடு உள்ளே வந்து, மிஸ் உண்மையில் படிப்பிக்கிறாவா என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள். இவரும் அந்த வகை, பத்து நிமிடத்தில் எழும்பிவிடுவார் என்று விட்டுவிட்டேன். மனிதர் குடையைக் காலடியில் வைத்து, பேனையைத் திறந்து, நான் பலகையில் எழுதியதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும், "அங்கிள், உங்கட பிள்ளை எது?" என்று கேட்டேன். "பிள்ளை ஒண்டும் இல்ல டீச்சர். நான்தான் படிக்க வந்தனான்" என்றார்.

ஆள் வங்கி ஒன்றில் கணக்காய்வுப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இந்திராணி அன்ரிக்குக் கழுத்துச் சுரப்பியில் கட்டி வந்து, சுரப்பியை வெட்டி எடுத்தாயிற்று. என்ன கட்டி என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அதை அழிப்பதற்குக் கதிர்வீச்சு உள்ள அயடீனைக் குடிக்கத் தரவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம், அதுவும் அவசரத்தில். "விளங்கினதா?" என்று டொக்டர் கேட்டபோது இவர் தலையாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "என்னவாம்?" என்று அன்ரி கேட்டபோதுதான் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது அவருக்கே விளங்கியிருக்கிறது.

அன்ரி, என்னவென்று தெரியாத ஒன்றை வாயில் வைக்காத பெண்மணி. முதல் தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டார். அடுத்த மாதம் இன்னொரு திகதி கொடுத்திருக்கிறார்கள். "நீங்க விளங்கப்படுத்துங்கோ, குடிக்கிறன். இல்லாட்டி என்னை விடுங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டார். அந்தத் திகதியையும் விட்டால் என்ன ஆகும் என்று அங்கிளுக்குத் தெரியும். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அவர் குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "டொக்டருக்குத் தலையாட்டினதுபோல உங்களுக்கு ஆட்டமாட்டன் டீச்சர், நீங்க பயப்பிடாதேங்கோ."

தொங்கல் கணக்கு

அந்தக் கிழமை வகுப்பில் சமன்பாடு ஈடுசெய்தல். "சமதானியை மட்டும் உங்களுக்குத் தனியாச் சொல்லித்தாறன்" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். நடுவில் இருந்து தொடங்கினால் கணக்கு உதைக்குமாம். சரி, இருங்கள் என்று விட்டேன்.

ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் வருகிறது. இடப்பக்கம் ஒட்சிசன் அணு இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஈடுசெய்யுங்கள் என்றேன். எங்கள் வகுப்பு டிலக்சன், வருடா வருடம் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு டிலக்சன் செய்கிற வேலையைச் செய்தான். H₂O என்பதை H₂O₂ என்று ஆக்கிவிட்டு, கணக்குச் சரி என்று பேனையை மூடினான். "தம்பி, கணக்குச் சரிதான், ஆனா இதைத் தண்ணியெண்டு குடிச்சா ஆள் சரியில்ல" என்று நான் அவனோடு மல்லுக்கட்டிவிட்டு அங்கிளிடம் போனேன்.

அங்கிள் சூத்திரத்தில் கைவைக்கவில்லை. மிச்சமாக நின்ற அந்த ஓர் ஒட்சிசனை வலப்பக்கத்தில் கீழே இறக்கி, ஒரு கோடு போட்டு, "தொங்கல் கணக்கு" என்று எழுதியிருந்தார். கணக்கு வழக்கில், எங்கே போவதென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கிற இடம் அது. இரண்டு பக்கமும் அச்சொட்டாகச் சமன். பிழை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, ஏன் பிழை என்று சொல்லச் சொல் வரவில்லை. "அங்கிள், அணுவை அப்பிடித் தொங்கவிட ஏலாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "இவ்வளவு காலமும் நாட்டையே இப்பிடித்தான் கொண்டு நடத்தினவங்கள், ஒரு ஒட்சிசனுக்கு என்ன வந்தது டீச்சர்?"

அரை நியூத்திரன்

ஒருவாறு சமதானிக்கு வந்து சேர்ந்தோம். குளோரீனின் சார் அணுத்திணிவு 35.5. அணுவெண் 17. நியூத்திரன் எத்தனை? டிலக்சன் பதினெட்டரை என்றான். அங்கிளின் விடையும் பதினெட்டரை. பிள்ளையைத் திட்டலாம், பெரியவரை எப்படித் திட்டுவது? அரை நியூத்திரன் கிடையாது, அணுக்களில் முக்கால்வாசி 35, கால்வாசி 37, இது வெறும் சராசரி என்று சொன்னேன். எல்லாத் தலையும் ஆடின. அங்கிளின் தலை மட்டும் ஆடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அடுத்த வகுப்புக்குக் காலி வீதியிலிருந்து ரோல்ஸ் வாங்கி வந்தேன். மூன்று மீன் ரோலுக்கு ஒரு முட்டை ரோல் என்ற கணக்கு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே ரோல், முட்டை ரோல் மட்டும் கொஞ்சம் பாரம். பெட்டியை நிறுத்து எண்ணிக்கையால் பிரித்தால் ஒரு சராசரி வரும், ஆனால் அந்த நிறையில் பெட்டிக்குள் ஒரு ரோலும் இருக்காது. அங்கிளின் முகம் முதல்தடவையாக மலர்ந்தது. உடனேயே தாளைத் திருப்பி அயடீனைப் போட்டார். அணுவெண் 53. சாதாரண அயடீன் 127, கழித்தால் 74 நியூத்திரன். அன்ரிக்குத் தரப்போகிறது 131, கழித்தால் 78. "நாலு நியூத்திரன் கூட. இந்த நாலும் என்ன செய்யும் டீச்சர்?" என்று கேட்டார்.

பாடப்புத்தகத்தில் கணக்கு அந்தக் கழித்தலோடு முடிந்துவிடும். அதற்கு அங்கால் நான் ஒருநாளும் போனதில்லை. விழித்துக்கொண்டு நின்ற என்னைக் காப்பாற்றியது டிலக்சன்தான், வெறும் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு: "மிஸ், அந்தச் சராசரி ரோலை எனக்குத் தாங்கோ, அதை இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லத்தானே."

எங்கள் பாடம் இல்லை

கொட்டாஞ்சேனை நிலையத்தில் ஆசிரியர்களுக்கு ஓர் அறை இருக்கிறது, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும். அந்த நாலு நியூத்திரனைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். உயிரியல் சேர், "கதிர்வீச்சா? அது பௌதிகம் மிஸ்" என்றார். பௌதிக சேர், "அயடீனா? அது கெமிஸ்ரி, உங்கட ஏரியா" என்றார். கழுத்துச் சுரப்பி யாருடைய ஏரியா என்று கேட்டேன். ஒருவரும் உரிமை கோரவில்லை. ஒரு மனிசியின் உயிர் இந்த மேசையைச் சுற்றி வருகிறது, நாங்கள் மூன்று பேரும் அதை ஆளுக்காள் தள்ளிவிடுகிறோம் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் யாரில் என்று தெரியாததால் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பினேன். உயிரியல் சேர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும்: "மிஸ், பேப்பர்ல சமதானிக்கு ரெண்டு மார்க்ஸ்தான், அதுக்குப்போய் ஏன் இப்பிடி உடம்பைக் கெடுக்கிறீங்க?"

உப்பு

ஒரு நாள் வகுப்பு தொடங்க முதலே அங்கிள் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டு அறிவுறுத்தல். குடிப்பதற்கு முந்திய இரண்டு கிழமையும் அயடீன் உள்ள ஒன்றும் சேர்க்கக் கூடாதாம். கடல்மீன் இல்லை, கருவாடு இல்லை, முட்டை மஞ்சள் கரு இல்லை, பால் இல்லை, அயடீன் சேர்த்த உப்பு இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்களின் குசினியில் மிஞ்சினது அடுப்பு மட்டும்தான். "இந்தப் பக்கம் அயடீனே கூடாது எண்டுறாங்கள். அந்தப் பக்கம் அயடீன் குடி எண்டுறாங்கள். ஒரே டொக்டர், ஒரே வாய். இவ என்னைப் பாத்துச் சிரிக்கிறா டீச்சர்" என்றார். அது வேறு சமதானி என்றேன். "பேர் ஒண்டு, குணம் ஒண்டு எண்டு நீங்கதானே சொல்லித்தந்தனீங்கள்? குணம் ஒண்டெண்டா ஏன் ஒண்டு கூடாது, மற்றது வேணும்?" என்று மடக்கினார். கேள்வியிலிருந்து தப்புவதற்காக, வாருங்கள் முதலில் உப்பைத் தேடுவோம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஒழுங்கை முகப்பில் இருக்கிற கடைக்காரர் சிங்களவர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். "அய்யே, அயடீன் நெதி லுணு தியெனவாத?" என்று கேட்டேன். அயடீன் இல்லாத உப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டது. மனிதர் வெலவெலத்துப் போனார். எனக்குப் பின்னால் குடையும் கண்ணாடியும் கையில் கடதாசியுமாக அங்கிள் நின்ற நிலை அப்படி. அயடீன் சேர்க்காத உப்பு விற்பது குற்றம், அதைப் பிடிக்க ஏதோ அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். உப்புப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அயடீன் என்று அச்சடித்த இடத்தை விரலால் காட்டிக்காட்டி அடுக்கினார். எங்களுக்கு வேண்டாம் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. அன்று முதல் அன்ரி உப்பில்லாமல்தான் சாப்பிட்டார், தேசிக்காயும் மிளகும் போட்டு. கடைக்காரர் மட்டும் எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்: "மிஸ், நம்ம கடை எல்லா உப்பும் அயடீன் இருக்கி, பத்தாதெண்டா கூடப் போட்டுத் தாறது!"

எத்தனை நாள் துடக்கு

குடித்த பிறகு அன்ரி ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் சில நாள் தனி அறை, தனிக் கோப்பை, கிட்டப் போகக் கூடாது. இதைக் கேட்ட அன்ரி, கணவரிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்பியிருந்தார்: "இது எத்தினை நாள் துடக்கு?" நியாயமான கேள்வி. பிள்ளைப்பேறோ சாவீடோ, துடக்கு என்றால் ஒரு நாள் குறிப்போம். அன்றைக்கு வீடு கழுவி, முழுகினால் முடிந்தது.

நான் பலகையில் அரைவாழ்வுக் காலத்தை எழுதினேன். எட்டு நாளில் பாதியாகும். இன்னொரு எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. பிறகு அதிலும் பாதி. "எப்ப பூச்சியமாகும்?" என்றார் அங்கிள். கணக்கின்படி பூச்சியம் வராது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் எழும்பி நின்றுவிட்டார். பூச்சியம் வராத கணக்கை எப்படி மூடுவது என்று கேட்டார். பிறகு குரல் இறங்கி, "அப்ப அவ கடைசிமட்டும் தனியத்தான் இருக்கோணுமோ?" என்றார். டிலக்சன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். உடம்பில் இருந்து கழிந்தும் போகும், டொக்டர் சொன்ன நாளுக்குப் பிறகு பயமில்லை, மிச்சம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் படபடவென்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு இன்னும் பயம் கூடியது எனக்குத் தெரிந்தது.

முன்வாங்கில் ஷஸ்னா கையை உயர்த்தினாள். வகுப்பிலேயே அதிகம் பேசாத பிள்ளை. அவர்கள் வீட்டில் வட்டிலப்பம் செய்தால், கடைசியாகச் சாப்பிட்டு முடிக்கிறவர்தான் கோப்பை கழுவ வேண்டும் என்று உம்மா சட்டம் போட்டிருக்கிறாவாம். அதனால் அவளுடைய அண்ணன், அந்த நானா, ஒருநாளும் முடிப்பதில்லை. இருக்கிறதில் பாதியைத் தின்பான், பிறகு வந்து மிச்சத்தில் பாதி, பிறகு அதில் பாதி. கோப்பையை ஒருபோதும் வெறுமையாக வைக்கமாட்டான். அங்கிள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஷஸ்னா அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "முடியல்லதான் அங்கிள், ஆனா நாங்க போய்ப் பாத்தா நக்கக்கூட ஒண்டும் இல்ல."

அன்ரி

கடைசியில் அன்ரியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்திய வகுப்பு அது. கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சால்வை, கறுப்புக் கைப்பை, உப்பில்லாமல் சாப்பிட்ட முகம். கதவோரக் கதிரையில் உட்கார்ந்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சொல்லுவினம். நான் இன்னும் குப்பைக்குப் போகேல்ல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் நேரே கேட்டார்: "இவருக்கு விளங்கினது எனக்கு விளங்கேல்ல பிள்ளை. அயடீன் கூடாது எண்டு என்னைப் பட்டினி போட்டிட்டு அயடீனையே தாறது ஏன்? அதைச் சொல்லுங்கோ. சொன்னாக் குடிக்கிறன்."

புரோத்தன் என்றேன், நியூத்திரன் என்றேன், 127ஐயும் 131ஐயும் பலகையில் எழுதி வட்டம் போட்டேன், அம்புக்குறி போட்டேன், அம்புக்குறி எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை. இந்த மனிசி எழும்பிப் போனால் அது என்னால்தான். இப்படியான நேரத்தில் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒன்று இருக்கிறதே, உங்களுக்குத் தெரியாததா? வகுப்பின் பக்கம் திரும்பி, "எங்க, ஒருத்தர் சமதானிக்கு வரைவிலக்கணம் சொல்லுங்க பாப்பம்" என்றேன். மூச்சு எடுக்க அவகாசம் வேண்டுமே.

ஷஸ்னா எழும்பி ஒப்புவித்தாள். ஒரே மூலகத்தின், ஒரே எண்ணிக்கையான புரோத்தன்களையும் வேறுபட்ட எண்ணிக்கையான நியூத்திரன்களையும் கொண்ட அணுக்கள் சமதானிகள் எனப்படும், அவற்றின் இரசாயன இயல்புகள் ஒத்தவை. "நில்லுங்கோ பிள்ளை" என்றார் அங்கிள். "அந்தக் கடைசியை இன்னொருக்காச் சொல்லுங்கோ." அவள் சொன்னாள். அங்கிள் மெல்ல எழும்பி, வாங்குகளுக்கு நடுவால் நடந்து அன்ரிக்கு முன்னால் போய் நின்றார். "இந்திரா, கழுத்தில மிஞ்சிக் கிடக்கிற சுரப்பிக் கலங்களுக்கு அயடீன் எண்டா உயிர். ரெண்டு கிழமை பட்டினி போட்டா, பிறகு எந்த அயடீன் வந்தாலும் பாஞ்சு விழுங்கும். நல்லது எது, கதிர்வீச்சு எது எண்டு அதுக்குப் பிரிச்சறியத் தெரியாது. ரெண்டுக்கும் குணம் ஒண்டு. உள்ளுக்க போனாப் பிறகுதான் அந்த நாலு நியூத்திரனும் ஆரெண்டு காட்டும், கதிர்வீசி விழுங்கின கலத்தையே அழிக்கும்" என்றார். நான் வருடக்கணக்காகப் பலகையில் எழுதி, பிள்ளைகள் வருடக்கணக்காகப் பாடமாக்கிய அந்த ஒரு வரியை, அன்றுதான் முதல்தடவை வாசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா, வெட்கமா என்று கேட்காதீர்கள், அதுவும் எனக்கு விளங்கவில்லை.

ரயில் ஒன்று வந்து, போய் முடிந்தது. "அப்ப என்ர கழுத்தை ஏமாத்திக் குடுக்கப்போறாங்கள்" என்றார் அன்ரி. ஓம் என்றார் அங்கிள். அன்ரி சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பி, கைப்பையைக் கணவரின் கையில் கொடுத்தார்: "கழுத்துக்குத் தெரியாட்டிப் பரவாயில்ல, எனக்குத் தெரிஞ்சாப் போதும், வாங்கோ, திங்கட்கிழமை போய்க் குடிப்பம்."

வகுப்புக்கு வகுப்பு "விளங்கிச்சா?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிற எங்கள் தொழில், அதே கேள்வியை யாராவது எங்களைப் பார்த்துக் கேட்கும் நாள் வரைக்கும் தாராளமாக ஓடும்.